ஆடிப் பார்க்க ஆள் வேண்டும்

ஒரு போர்டு கேமை யோசித்து, சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு, அட்டைகளை வெட்டி எழுதி முடிக்க ஒரு நீண்ட வார விடுமுறை போதும். சிக்கல் அதற்குப் பிறகுதான். அந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடிப் பார்க்க ஆட்கள் வேண்டும். எங்கே இழுக்கிறது, எந்த விதி புரியவில்லை, முதலில் ஆடுபவரே எப்போதும் ஜெயித்துவிடுகிறாரா என்பதெல்லாம் மேசையில் நான்கு பேர் உட்கார்ந்தால்தான் வெளியே வரும். இதற்கு ப்ளேடெஸ்ட் என்று பெயர். இதற்கு உட்கார மனம் வைப்பவர்களைத் தேடுவதுதான், வீட்டில் பொழுதுபோக்காக ஆட்டம் உருவாக்குகிற எல்லோருக்கும் பெரிய பாடாக இருக்கிறது.

சென்னைப் புறநகரான நாவலூரில் இதைக் கேட்டால் வியப்பாகத்தான் இருக்கும். பழைய மகாபலிபுரம் சாலையின் (ஓ.எம்.ஆர்.) இரு பக்கமும் அடுக்குமாடிகள். சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்கள், படூரிலும் காலவாக்கத்திலும் படிக்கும் மாணவர்கள், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகள் என்று ஆளுக்குக் குறைவே இல்லை. ஆனாலும் சனிக்கிழமை மாலை நான்கு பேரை ஒரு மேசையில் சேர்ப்பது பெரும்பாடு. காரணம் நாம் கேட்கும் விதத்தில் இருக்கிறது. ‘என் கேமுக்கு ஃபீட்பேக் வேணும்’ என்று கேட்டால் எதிரில் இருப்பவருக்கு அது தேர்வுத்தாள் திருத்துகிற வேலையாகத் தெரிகிறது. ‘புதுசா ஒரு ஆட்டம், 40 நிமிஷம், வர்றீங்களா?’ என்று கேட்டால் அதே மனிதர் வருகிறார்.

ஆடிப் பார்ப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஸ்க்ராபிள் கதை சொல்லும். 1930களின் பொருளாதாரச் சரிவில் வேலை இழந்த நியூயார்க் கட்டடக்கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று செய்தித்தாள்களைப் பார்த்து எண்ணி ஒரு சொல் விளையாட்டை உருவாக்கினார். ஆட்ட நிறுவனங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. அவர் தன் வட்டாரமான ஜாக்சன் ஹைட்ஸில் இருந்த தேவாலயக் கூடத்தில் அக்கம்பக்கத்தாரை ஆடவைத்தார். பெயர் மாறியது, பலகை மாறியது, விதிகள் மாறின. கையால் செய்த பெட்டிகள் சில கைமாறின. அப்படி ஒரு பெட்டி வைத்திருந்தவர்களில் ஜேம்ஸ் ப்ரூநோ ஒருவர். அவர்தான் விதிகளைச் சீர்செய்து, ஸ்க்ராபிள் என்று பெயர் வைத்து, 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆடிப் பார்த்த ஒருவர்தான் அந்த ஆட்டத்தை உலகத்துக்குக் கொடுத்தார்.

கட்டான் கதையும் இதையே சொல்கிறது. ஜெர்மனியில் செயற்கைப் பல் செய்யும் தொழில்நுட்பராக இருந்த கிளாஸ் டாய்பர், வேலை முடிந்து வந்து வீட்டு அடித்தளத்தில் ஆட்டங்களைச் செதுக்கினார். மனைவியும் பிள்ளைகளும்தான் முதல் ஆட்டக்காரர்கள். ஆண்டுக்கணக்கில் ஆடிப் பார்த்த பிறகே 1995இல் கட்டான் வெளிவந்தது. முதலில் அவர் நினைத்த ஆட்டம் இதைவிடப் பெரியது. வெட்டி எடுத்த பகுதிகள் பின்னால் தனி ஆட்டங்களாயின. எதை வெட்டுவது என்பது தனியாக உட்கார்ந்து யோசிப்பவருக்குத் தெரியாது. எதிரில் இருப்பவர் கொட்டாவி விடும்போதுதான் தெரியும்.

நம் ஊர் ஆட்டங்களைக் கவனித்தாலும் தலைமுறை தலைமுறையாக ஆடிப் பார்த்த தடம் தெரிகிறது. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு என்பது பரவலாக உள்ள கணக்கு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே பலம் இல்லை, ஒரே நோக்கமும் இல்லை. அப்படியும் ஆட்டம் சரிசமமாகப் போகிறது. இதை ஒரே இரவில் ஒருவர் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருக்க முடியாது. கோயில் தரையிலும் பாறையிலும் கீறி வைத்த கட்டங்களில் எத்தனையோ பேர் உட்கார்ந்து, ஆட்டைக் கூட்டியும் குறைத்தும் பார்த்திருக்க வேண்டும். பல்லாங்குழியில் குழிக்கு எத்தனை முத்து என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. தாயத்துக்கும் வீட்டுக்கு வீடு ஒரு விதி உண்டு. இப்படிப் பாட்டிகளின் நினைவில் மட்டும் இருந்த விதிகளைத் தேடிச் சேகரித்து, மறுபடியும் பெட்டியில் போட்டுக் கொடுத்த வேலையை வினிதா சித்தார்த்தா தொடங்கிய க்ரீடா நிறுவனம் சென்னையிலிருந்தே செய்துவருகிறது. புதிய ஆட்டம் செய்கிறவர்கள் அந்தப் பெட்டிகளில் ஒன்றிரண்டையாவது ஆடிவிட்டு வருவது நல்லது.

சரி, ஆட்களை எங்கே பிடிப்பது? அதற்கு முன் யாரை, எந்த வரிசையில் என்று பார்க்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் இது. முதல் பிரதி கையில் வந்த உற்சாகத்தில் தெரிந்த எல்லோரையும் ஒரே வாரத்தில் உட்காரவைத்துவிடுகிறார்கள். ஆட்டம் பாதியில் நிற்கிறது. வந்தவர்கள் மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் போகிறார்கள், அடுத்த முறை கூப்பிட்டால் வருவதில்லை. ஒருவர் ஒரு ஆட்டத்தை முதன்முதலாகப் பார்ப்பது ஒரே ஒரு தடவைதான். அந்தப் புதுக் கண் ஒரு சேமிப்பு. பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும்.

ஆகவே முதல் சுற்றில் யாரையும் கூப்பிட வேண்டாம். நான்கு நாற்காலிக்கும் நீங்களே மாறி மாறி உட்கார்ந்து, நான்கு பேராக ஆடுங்கள். பார்ப்பவர்களுக்கு விசித்திரமாக இருந்தாலும் பெரிய ஓட்டைகளில் பாதி இங்கேயே அடைபட்டுவிடும். அடுத்தது வீட்டு மனிதர்கள். ஆட்டம் கடைசிவரை ஓடுகிறதா என்று மட்டும் அவர்களிடம் தெரிந்துகொண்டால் போதும், கருத்துக் கேட்காதீர்கள். பிறகு நண்பர்கள், அலுவலகத் தோழர்கள். அதற்குப் பின்னால்தான் முகம் தெரியாதவர்கள். கடைசியாக ஒரு கட்டம் உண்டு: பெட்டியையும் விதித்தாளையும் கொடுத்துவிட்டு, உருவாக்கியவர் வாயே திறக்காமல் தள்ளி உட்கார்ந்து பார்ப்பது. கடையில் வாங்கிப் பிரிப்பவர் வீட்டில் நீங்கள் இருக்கப் போவதில்லை அல்லவா? அந்தச் சோதனைக்கென்று, ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்க்காத நான்கைந்து பேரைக் கடைசிவரை தொடாமல் வைத்திருங்கள்.

இப்போது இடம். நாவலூர்ப் பகுதியில் முதலில் நினைவுக்கு வருவது அடுக்குமாடியின் கிளப் ஹவுஸ். மேசை, நாற்காலி, ஃபேன் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். அசோசியேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். சனி, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல், பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டுப் பெற்றோர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நேரம் பொருத்தமானது. அவர்களுக்கு எப்படியும் ஒரு மணி நேரம் அங்கே ஆகவேண்டும். கிரிக்கெட் இறுதிச் சுற்று நாட்களையும் அசோசியேஷன் கூட்ட நாளையும் தவிர்த்துவிடுங்கள். பிப்ரவரி, மார்ச் தேர்வுக் காலத்தில் பிள்ளைகளும் வரமாட்டார்கள், பெற்றோரும் வரமாட்டார்கள். ஏப்ரல், மே அருமையான காலம். ஐப்பசி, கார்த்திகை மழையையும் மறந்துவிடாதீர்கள். சாலையில் தண்ணீர் நின்று யாரும் எங்கும் போக முடியாத ஞாயிற்றுக்கிழமையில், அழைக்காமலே ஆட்கள் வந்து நிற்பார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிகளை இளைஞர்கள் தாண்டிப் போய்விடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும். தாயத்தில் வெட்டு விழுந்து திரும்பவும் முதலிலிருந்து வந்தவர்கள் அவர்கள். ‘பாட்டி, ஒரு புது ஆட்டம் செஞ்சிருக்கேன், கொஞ்சம் ஆடிப் பாத்துச் சொல்றீங்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். பார்வைக் குறை இருந்தால் உங்கள் அட்டையின் எழுத்து சிறிது என்பது முதல் நிமிடமே தெரிந்துவிடும். விதியில் சந்தேகம் இருந்தால் நேராகக் கேட்பார்கள். யாராவது குறுக்கு வழியில் ஜெயித்தால், ‘இது அழுகுணி ஆட்டம்’ என்று தயங்காமல் சொல்லிவிடுவார்கள். இப்படி உடைத்துப் பேசும் ஆள் கிடைப்பது அரிது.

இன்னொரு கூட்டம் செஸ் படிக்கும் பிள்ளைகள். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. இந்தச் சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் வரும் ஊர்தான் அது. இந்தப் பக்கத்துக் குடியிருப்புகளில் செஸ் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவர்களிடம் ஆட்டத்தைக் கொடுத்தால், விதியில் எங்கே ஓட்டை இருக்கிறது, எந்த ஒரே உத்தியைப் பிடித்துக்கொண்டால் எப்போதும் ஜெயிக்கலாம் என்று இரண்டாவது ஆட்டத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். பிள்ளைகளை ஆடவைக்கும்போது பெற்றோரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், அவர்கள் கண் பார்வையிலேயே மேசையைப் போடுங்கள். இதில் சமரசம் கூடாது.

கல்லூரிகள் தனி வாய்ப்பு. படூரில் இந்துஸ்தான், காலவாக்கத்தில் எஸ்.எஸ்.என்., கேளம்பாக்கம்–வண்டலூர் சாலையில் வி.ஐ.டி., மேலக்கோட்டையூரில் வடிவமைப்புப் படிப்பும் உள்ள ஐ.ஐ.ஐ.டி.டி.எம். எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மாணவர் மன்றம் வழியாகவோ தெரிந்த ஆசிரியர் வழியாகவோ போங்கள். விடுதி மாணவர்கள் இரவு பத்து மணிக்கும் உற்சாகமாக ஆடுவார்கள். ஒரே இரவில் மூன்று முறை ஆடிவிட்டு விதியை அவர்களே திருத்தியும் தருவார்கள். தாம்பரம் பக்கம் இருப்பவர்கள் நாவலூருக்கு வரத் தயங்குவார்கள், அது நியாயம்தான். அவர்களுக்காக ஆட்டத்தை ஒரு பையில் அடங்கும்படி செய்துகொண்டு நீங்கள் போங்கள்.

மாலில் போய் மேசை போடலாமே என்று சிலர் நினைப்பார்கள். நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் அது நடக்காது. படத்துக்கு அரை மணி நேரம் இருக்கிறது என்று காத்திருப்பவர்கள் நடுவில் எழுந்து போய்விடுவார்கள். பத்து நிமிடத்தில் முடியும் ஆட்டம் என்றால் மட்டும் முயன்று பார்க்கலாம்.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு விஷயம் மொழி. ஒரே மாடியில் தெலுங்கு, மலையாளம், இந்தி, வங்காளம் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. அட்டை முழுவதும் தமிழில் எழுதியிருந்தால் பாதிப் பேர் ஆட முடியாது. முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தால் பாட்டிக்குச் சிரமம். எண்ணும் சின்னமும் கொண்டு சொல்ல முடிவதை எல்லாம் அப்படியே சொல்லிவிடுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை ஆடவைத்துப் பார்த்தால், அட்டையில் எந்தச் சொல் தேவையே இல்லை என்று தெரிந்துவிடும். ஆடுபுலி ஆட்டக் கட்டத்தில் ஒரு எழுத்துகூட இல்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பை எப்படி எழுதுவது? குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது என்றால், இந்த அளவு போதும்: “சனி மாலை 5.30, கிளப் ஹவுஸ். நானே உருவாக்கிய ஒரு போர்டு கேம் ஆடப் போகிறோம். 4 பேர் வேண்டும், 40 நிமிடம். விதிகளை நான் சொல்லித் தருகிறேன். பாதியில் எழுந்து போனாலும் பரவாயில்லை.” நேரம், இடம், எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்ற நான்கும் இருக்கின்றன. கடைசி வரி ரொம்ப முக்கியம். மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. சொன்ன 40 நிமிடத்தைத் தாண்டாதீர்கள். ஆட்டம் முடியாவிட்டாலும் நேரம் ஆனதும் நிறுத்துங்கள். அப்படி நிறுத்துகிறவருக்குத்தான் அடுத்த வாரமும் ஆள் வரும். குழுவில் பொதுவாகப் போடுவதோடு, இரண்டு பேருக்காவது தனியாகச் சொல்லுங்கள். பொதுவில் போட்டதை எல்லோரும் பார்த்துவிட்டு யாரோ போவார்கள் என்று விட்டுவிடுவார்கள்.

ஆட்டப் பொருள்களை அழகாகச் செய்ய வேண்டாம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வாங்கிய அட்டை, பேனா, சோழி, புளியங்கொட்டை, பழைய கேரம் காய் போதும். பளபளப்பாக அச்சடித்துக் கொண்டுவந்தால் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து, குறை சொல்லத் தயங்குவார்கள். பென்சிலில் எழுதியிருந்தால், ‘இதை மாத்தலாமே’ என்று கை தானாக நீளும். உங்களுக்கும் அடித்து எழுத மனம் வரும்.

மேசையில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு கற்பனை ஆட்டத்தைப் பார்ப்போம். பெயர் ‘ஷேர் ஆட்டோ’. நான்கு பேரும் ஓட்டுநர்கள். சோழிங்கநல்லூரில் புறப்பட்டு செம்மஞ்சேரி, நாவலூர், சிறுசேரி, படூர் வழியாகக் கேளம்பாக்கம் போக வேண்டும். முறை வரும்போது ஒரு பயணி அட்டை எடுக்கலாம், அல்லது பகடை உருட்டி நகரலாம். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆடினால், சோழிங்கநல்லூரிலேயே ஆட்டோ நிறைந்தவர் முதலில் கிளம்புகிறார், அவரே கடைசிவரை முன்னால் போகிறார். மூன்றாவது சுற்றில் நான்காம் ஆட்டக்காரர் போனை எடுக்கிறார். ஏன் என்று கேட்டால், ‘ஒண்ணுமில்ல, ஒரு மெசேஜ்’ என்பார். கடிகாரத்தைப் பார்த்தால் ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவில் அவருக்கு ஆறு நிமிடம் சும்மா போகிறது. எட்டாவது படிக்கும் பையன் ஒருவன், ‘அண்ணா, டிராஃபிக்ல மாட்டுனா பறந்து போற மாதிரி ஒரு கார்டு வைங்க’ என்கிறான். பறக்கும் அட்டை ஆட்டத்தைக் கெடுத்துவிடும். ஆனால் அவன் சொல்ல வந்த குறை உண்மையானது: சிக்னலில் மாட்டியவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அடுத்தவர் முறையின்போதும், நிறுத்தத்தில் நிற்கும் பயணிக்காக எல்லோரும் கட்டணம் சொல்லிப் போட்டியிடலாம் என்று ஒரு விதி சேர்த்தால், போன் எடுத்தவரும் திரும்பி வருவார், பையனும் அமைதியாவான்.

ஆடுபவர்கள் சொல்லும் குறையை நம்புங்கள். அவர்கள் சொல்லும் தீர்வை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உடனே செய்துவிடாதீர்கள். யாராவது விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு ஆடினால், அது ஆட்டத்தை நிறுத்தாதவரை திருத்தாமல் பாருங்கள். பல சமயம் அவர் ஆடும் விதிதான் இயல்பாக இருக்கும். நியாயப்படுத்திப் பேச ஆரம்பித்தால் அதோடு எல்லோரும் வாயை மூடிவிடுவார்கள். பேனாவைக் கையில் வைத்துக்கொள்வது இதற்கு நல்ல மருந்து.

கேள்வி கேட்பதில் நம் ஊர் மரியாதையை மறக்கக் கூடாது. நம்மிடையே விருந்துக்குப் போன வீட்டில் சாம்பார் நன்றாயில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘பிடிச்சிருக்கா?’ என்று கேட்டால் ‘சூப்பரா இருக்கு’ என்ற பதிலே வரும், அதில் ஒரு தகவலும் இல்லை. காப்பியும் பஜ்ஜியும் கொடுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் இனிப்பான பதில் வரும். அதனால் தின்பண்டத்தைப் பேச்சு முடிந்தபிறகு வையுங்கள். கேள்வியையும் மாற்றிக் கேளுங்கள். எந்த இடத்தில் அலுத்தது? எந்த நேரத்தில், இனி ஜெயிக்க முடியாது என்று தோன்றியது? ஒரு விதியை எடுத்துவிடலாம் என்றால் எதை எடுப்பீர்கள்? கடைசியாக, ‘இன்னொரு ஆட்டம் போடலாமா?’ என்று கேட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். அந்த முகம் பொய் சொல்லாது.

யோசனையை யாராவது திருடிவிடுவார்களோ என்ற பயத்தில் ஆட்டத்தைப் பெட்டியிலேயே பூட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. மோனோபலி கதையைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். அந்த ஆட்டத்தின் மூலமான ‘லேண்ட்லார்ட்ஸ் கேம்’ எலிசபெத் மேகியுடையது. 1904இல் அவர் அதற்குக் காப்புரிமையும் வாங்கியிருந்தார். முப்பது ஆண்டு காலம் மக்கள் கையாலேயே பலகை செய்து, தெருப் பெயர்களை மாற்றி ஆடினார்கள். 1935இல் வேறொருவர் பெயரில் அது பெரும் வியாபாரமானது. மேகிக்குக் கிடைத்தது 500 டாலர். அநியாயம்தான். ஆனால் அங்கே புகழும் பணமும் கைமாறியது ஆடிப் பார்க்க வந்த அக்கம்பக்கத்தாரால் அல்ல. நம் நாட்டுச் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(எம்), ஆட்டம் ஆடும் முறைக்குக் காப்புரிமை கிடையாது என்கிறது. நீங்கள் எழுதிய விதித்தாளுக்கும் வரைந்த படங்களுக்கும் பதிப்புரிமை உண்டு, பெயரை வணிகச்சின்னமாகப் பதியலாம். வெறும் யோசனை யாருக்கும் சொந்தமாகாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒப்பந்தத் தாளில் கையெழுத்து கேட்டால் மிஞ்சுவது காலி நாற்காலிதான். ஒவ்வொரு பிரதியிலும் பெயரும் தேதியும் போட்டு, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது போதும்.

ஊரில் ஆள் சேரவே இல்லை என்றால் கணினியில் ஆடிப் பார்க்க டேபிள்டாப் சிமுலேட்டர், டேபிள்டோபியா போன்றவை இருக்கின்றன. அட்டைகளைப் படமாக ஏற்றிவிட்டால் சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகனும் ஆடலாம். யார் எப்போது போனை எடுத்தார் என்பது மட்டும் திரையில் தெரியாது. எண்ணிக்கையும் கணக்கும் சரியா என்று பார்க்க அது உதவும், சுவாரசியத்தை அளக்க மேசைதான்.

நிலையாக ஆள் கிடைக்க ஒரு வழி உண்டு. அடுத்தவர் ஆட்டத்துக்கு நீங்கள் போய் உட்காருவதுதான் அது. அமெரிக்காவில் 2001இல் தொடங்கிய ப்ரோட்டோஸ்பீல் கூடுகைகளும், பிரிட்டனில் நடக்கும் ப்ளேடெஸ்ட் யூகே சந்திப்புகளும் இந்த ஒரே ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன: என் ஆட்டத்தை நீ ஆடு, உன் ஆட்டத்தை நான் ஆடுகிறேன். ஓ.எம்.ஆர். நெடுகிலும் இப்படி முடியாத ஆட்டங்களை அலமாரியில் வைத்திருப்பவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். மூன்று பேர் சேர்ந்தால் மாதம் ஒரு ஞாயிறு போதும். ஆடிப் பார்த்தவர்களின் பெயரை, அவர்கள் சம்மதத்தோடு, விதித்தாளின் கடைசியில் போடுங்கள். ஆட்டம் அச்சாகும் நாளில் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஆட்டம் செய்யாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் குடியிருப்பில் யாராவது கையால் எழுதிய அட்டைகளோடு வந்து நின்றால், ஒரு 40 நிமிடம் கொடுங்கள். பிடித்திருந்தால் இன்னொரு ஆட்டம் கேளுங்கள். பிடிக்காவிட்டால், எந்த இடத்தில் பிடிக்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். அவருக்கு வேண்டியது அதுதான்.